1912ஆம் ஆண்டின் ஆர்கனில் 1912 எவ்வளவு?

குவீன் ஸ்திரீட்டுக்கும் விக்டோரியா ஸ்திரீட்டுக்கும் நடுவே உள்ள நல்லாயன் பேராலயத்தின் பாடகர் மாடத்தில் இருக்கும் குழாய் ஆர்கனைச் சிங்கப்பூரின் ஆகப் பழைய ஆர்கன் என்கிறார்கள். ஆனால் அதன் குழாய்களில் ஒரு பகுதி வேறொரு மண்டபத்தின் ஆர்கனிலிருந்து வந்தது என்றும் சொல்கிறார்கள். அப்படியானால் அதை 1912ஆம் ஆண்டின் கருவி என்று சொல்வது சரியா என்று ஓர் அன்பர் கேட்டிருக்கிறார். சரிதான் என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் அந்தச் சொல்லுக்குள் எத்தனை ‘ஆனால்’கள் ஒளிந்திருக்கின்றன என்பதுதான் இக்கேள்வியின் சுவையே. ஆர்கன் கலைஞர் ஒருவருக்கு உதவியாளாகச் சில காலம் விசைகளை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்தவரை விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் வரலாறு. பேராலயக் கட்டடம் 1847இல் திறக்கப்பட்டது. நேர்ந்தளிப்பு 1897இல் நடந்தது. ஆர்கன் அங்கு வந்து சேர்ந்ததோ அதற்கும் பிறகு: 1912 அக்டோபர் 20ஆம் தேதி ஆயர் எமில் பாரியோன் அதனை அர்ப்பணித்தார். செய்தவர்கள் லண்டனின் பெவிங்டன் அண்ட் சன்ஸ் நிறுவனத்தார். கட்டடத்துக்கும் கருவிக்கும் இடையே 65 ஆண்டு இடைவெளி இருக்கிறது என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள். பழைய கட்டடத்தில் இருப்பதெல்லாம் அந்தக் கட்டடத்தின் வயதையே உடையவை என்று நாம் நினைத்துக்கொள்வது வழக்கம்; இங்கே ஆர்கன் தொடக்கத்திலேயே பின்னால் வந்த விருந்தாளிதான்.

இனி அந்த ‘வேறொரு மண்டபம்’. 1905இல் திறக்கப்பட்ட விக்டோரியா நினைவு மண்டபத்தில், 1930களில் ஓர் ஆர்கன் இருந்தது. அதன் பெயர் செயின்ட் கிளேர் ஆர்கன். ‘சிங்கப்பூர் ஃப்ரீ பிரஸ்’ நாளிதழின் ஆசிரியராக நெடுங்காலம் இருந்தவரும், 1891இல் சிங்கப்பூர் ஃபில்ஹார்மோனிக் சங்கத்தைத் தோற்றுவித்தவருமான வில்லியம் கிரேம் செயின்ட் கிளேரின் நினைவாக வைத்த பெயர் அது. செய்தவர்கள் ஹில், நார்மன் அண்ட் பியர்டு என்ற ஆங்கிலேய நிறுவனத்தார். 1979இல் சிங்கப்பூர் சிம்ஃபனி இசைக்குழு தொடங்கப்பட்டு, அந்த மண்டபம் அதன் இல்லமாக மாறியது. இன்று அங்கே இருப்பது ஜெர்மனியின் பான் நகரைச் சேர்ந்த கிளைஸ் நிறுவனம் 1987இல் அமைத்த வேறொரு ஆர்கன். செயின்ட் கிளேர் ஆர்கன் ஒரு முழுக் கருவியாக இப்போது எங்கும் இல்லை; அதன் குழாய்களில் சில மட்டும் பேராலய ஆர்கனுக்குள் குடிபுகுந்து வாழ்கின்றன. ஹில் நிறுவனமும் நார்மன் அண்ட் பியர்டு நிறுவனமும் ஒன்றாக இணைந்ததே 1916இல்தான்; ஆகவே அந்தக் கூட்டு நிறுவனத்தின் கைப்பட்ட எந்தக் குழாயும் 1912 அக்டோபரில் ஆயர் கேட்ட ஒலியில் இருந்திருக்க முடியாது. அன்பரின் ஐயத்துக்கு இதுவே போதுமான அடிப்படை.

பேராலய ஆர்கனைச் செப்பனிட்டு வளர்க்கும் பொறுப்பை 1980களில் ஏற்றவர் ராபர்ட் நவரத்தினம். (பெயரைப் படித்ததும் நம்மவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள் என்பது எனக்குத் தெரியும்.) பிறகு, பேராலயம் 2013இலிருந்து 2016 வரை மூடப்பட்டுப் பெரிய அளவில் புதுப்பிக்கப்பட்டபோது, ஆர்கன் வேலை பிலிப்பீன்ஸைச் சேர்ந்த டியேகோ சேரா ஆர்கன் நிறுவனத்தாரிடம் போயிற்று. அவர்கள் ஏன் என்பதற்குப் பின்னால் ஒரு மூங்கில் கதை இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இப்படிப் பலர் கைபட்டதைப் பழையது எனலாமா? நம் கோவில் ஒன்றை நினைத்துப் பாருங்கள். 1827இல் தோன்றிய சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோவிலுக்கு 2023இல் குடமுழுக்கு நடந்தது. அதற்கு முன் திருப்பணியில் கோபுரச் சுதைகளைப் பழுதுபார்த்து, வண்ணம் தீட்டி, உடைந்ததை மாற்றினார்கள். ‘இது 1827ஆம் ஆண்டின் கோவிலா’ என்று அங்கே யாரும் கேட்பதில்லை. ஆர்கனும் அப்படித்தான் என்று சொல்லிவிட்டு நகர்ந்திருப்பேன். ஆனால் ஒரு வேறுபாடு குறுக்கே நிற்கிறது. கோவிலில் எது மாறக்கூடாது என்பதற்கு ஆகமம் இருக்கிறது. ஆர்கனுக்கு அப்படி எழுதிவைத்த விதி எதுவும் இல்லை; ஒவ்வொரு தலைமுறையும் தன் காதுக்குப் பிடித்ததே சரி என்று நம்பி அதில் கை வைத்திருக்கிறது. ஆகவே மொத்தக் கருவியையும் பார்த்து ‘பழையதா, புதியதா’ என்று கேட்காமல், ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியே நிறுத்தி விசாரிக்க வேண்டியிருக்கிறது.

காற்றிலிருந்து தொடங்கலாம். நம் வீட்டு ஆர்மோனியத்தில் ஒரு கை துருத்தியை அசைக்கிறது, மறு கை வாசிக்கிறது. அக்கால ஆர்கன்களில் பக்கவாட்டில் ஓர் ஆள் நெம்புகோலை மேலும் கீழும் அசைத்துத் துருத்தியை நிரப்பிக்கொண்டிருப்பார்; வாசிப்பவர் வேறு. மின்சார ஊதுபொறி வந்ததும் அந்த ஆளுக்கு வேலை போயிற்று. உலகமெங்கும் ஆர்கன்களுக்கு நேர்ந்த மாற்றங்களில் இதுவே ஆகப் பரவலானது. பழைமையை விரும்புவோர்கூட இதைப் பற்றிப் பெரிதாகக் குறைசொல்வதில்லை. காற்றின் அழுத்தத்தை நீர் நிரப்பிய வளைந்த கண்ணாடிக் குழாயில் அளப்பார்கள். நீர் எத்தனை மில்லிமீட்டர் ஏறுகிறது என்பதே கணக்கு. 75 மில்லிமீட்டர் என்பது ஆலய ஆர்கன்களுக்கு வழக்கமான அளவுகளில் ஒன்று. நாகஸ்வரக்காரர் சீவாளியில் ஊதும் மூச்சு இதைவிடப் பல மடங்கு வலியது. அதாவது, ஆர்கனின் பேரொலி ஓங்கி ஊதுவதால் பிறப்பதில்லை. மெல்லிய காற்று ஏராளமான குழாய்களில் ஒரே நேரத்தில் புகுவதால் பிறக்கிறது. சிக்கல் என்னவென்றால், மின்பொறி கையில் இருக்கும்போது அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டிப் பார்க்கும் ஆசை யாரையும் விடுவதில்லை. கூட்டினால் குழாய்களின் வாயைத் திருத்த வேண்டியிருக்கும். அங்கேதான் சேதம் தொடங்குகிறது.

விசைக்கும் குழாய்க்கும் இடையிலுள்ள இணைப்பைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் வாசிப்பவருக்கு இது உயிர், கேட்பவருக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஆதியில் மெல்லிய மரக்கீற்றுகளே விசையின் அசைவைக் குழாய்கள் நிற்கும் காற்றுப்பெட்டியின் அடைப்பான் வரை கொண்டுசென்றன. 19ஆம் நூற்றாண்டில் சிறு காற்றுத் துருத்திகள் விரலுக்குத் துணையாக வந்தன. பிறகு ஈயக் குழல்கள் வழியாகக் காற்றே செய்தி கொண்டுபோயிற்று. அதன் பிறகு மின்கம்பி. இடைக்கால முறைகள் மெல்லிய ஆட்டுத்தோலை நம்பியவை. நம் ஊர் ஈரத்திலும் வெக்கையிலும் தோல் சீக்கிரமே பொடிந்துபோகும். பொடிந்தால் ஒரு சுரம் ஊமையாகும், அல்லது யாரும் தொடாமலே ஒரு குழாய் ஓயாமல் ஊதிக்கொண்டிருக்கும். திருப்பலியின் மௌனத்தில் அப்படி ஒரு குழாய் தானாக ஊளையிட்டதைக் கேட்ட எவரும், பழைய இணைப்பை மாற்றியதற்காக ஆலயக் குழுவைத் திட்ட மாட்டார். பழைய பாகங்களைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தால் இந்த மாற்றத்தைத் திரும்பவும் சரிசெய்துவிடலாம்.

குழாய்களின் கதை வேறு. அங்கே செய்த பலவற்றைத் திரும்பப் பெற முடியாது.

உலோகக் குழாய்கள் வெள்ளீயமும் ஈயமும் கலந்த கலவையால் ஆனவை. இரண்டும் ஏறக்குறையச் சமமாகக் கலந்தால், உலோகம் ஆறும்போது அதன் மேல் புள்ளி புள்ளியாகப் பூத்துவிடும். பெரிய குழாய்களுக்குத் துத்தநாகமும், சிலவற்றுக்கு மரமும் பயன்படும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகின் வெள்ளீயத்தில் பாதிக்கும் மேல் மலாயாவிலிருந்தே கிடைத்தது. அதை உருக்கும் ஆலை 1890இலிருந்து இங்கே பிராணித் தீவிலேயே இயங்கியது. லண்டன் பட்டறையில் வார்த்த குழாய்க்குள் நம் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய வெள்ளீயம் இருந்திருந்தால் வியப்பில்லை. ஊர் திரும்பிய உலோகம் என்று நான் ஒரு முறை சொன்னதற்கு என் ஆர்கன் கலைஞர் சிரிக்கவில்லை. குழாயைக் கீழே போட்டுவிடாதே என்று மட்டும் சொன்னார்.

இத்தகைய மெத்தென்ற உலோகத்தை வெட்டுவது எளிது. அதுவே அதன் சாபம். குழாயின் நீளமே அதன் சுருதி, சுமார் 2.4 மீட்டர் நீளமுள்ள திறந்த குழாய் நொடிக்கு ஏறத்தாழ 65 அதிர்வுகளைத் தரும். 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இசைக்குழுக்களின் சுருதி ஏறிக்கொண்டே போய், மேற்கத்திய இசையின் ‘ஏ’ சுரம் 452 அதிர்வுகளை எட்டியிருந்தது. லண்டன் ஃபில்ஹார்மோனிக் சங்கம் 1896இல் அதை 439க்கு இறக்கியது. 1939இல் லண்டனில் கூடிய அனைத்துலக மாநாடு 440 என்று நிர்ணயித்தது. 452க்கும் 440க்கும் இடையிலுள்ள வேறுபாடு நம் கணக்கில் கால் கட்டை. பாடகர் இதைத் தொண்டையில் சரிசெய்துகொள்வார், வயலின்காரர் முறுக்காணியைத் திருப்புவார். ஆர்கன்காரர் என்ன செய்வார்? 2.4 மீட்டர் குழாயைக் கால் கட்டை இறக்க அதன் தலையில் ஆறு சென்டிமீட்டருக்கு மேல் ஒட்ட வேண்டும். ஒவ்வொரு குழாய்க்கும் அதனதன் அளவில். அல்லது எல்லாக் குழாய்களையும் ஓர் இடம் தள்ளி வைத்து, பிறகு மிகையானதை வெட்ட வேண்டும். சுருதியை ஏற்றுவதாக இருந்தால் கத்தரியே போதும். இந்தக் காரணத்தால், வேறு மண்டபத்திலிருந்து வந்த குழாய்கள் புதிய வீட்டின் சுருதிக்கு இசைய வேண்டும் என்றால், ஏதோ ஒரு தலையில் ஏதோ ஒன்று நடந்தே ஆக வேண்டும்.

அதைவிட நுட்பமானது குழாயின் வாய். கீழ் உதட்டுக்கும் மேல் உதட்டுக்கும் இடையே எத்தனை மில்லிமீட்டர் திறப்பு, காற்று பிளக்கும் விளிம்பில் எத்தனை சிறு கீறல்கள், அடிக்காலில் எவ்வளவு பெரிய துளை என்ற இந்த மூன்றும் சேர்ந்துதான் ஒரு குழாயின் குரலைத் தீர்மானிக்கின்றன. ஒரு நல்ல கலைஞர் ஒரு வரிசைக் குழாய்களுக்கு நாள்கணக்கில் உட்கார்ந்து இதை அமைப்பார். 20ஆம் நூற்றாண்டின் நடுவில் ஐரோப்பாவில் ஓர் அலை வீசியது: இசையமைப்பாளர் பாக் காலத்துத் தெளிந்த, கூரிய ஒலியே உயர்ந்தது, 19ஆம் நூற்றாண்டின் குழைந்த ஒலி தாழ்ந்தது என்று. நல்லெண்ணத்தோடு எத்தனையோ ஆர்கன்களின் வாய்கள் திருத்தப்பட்டன. நெதர்லாந்தின் ஹார்லம் நகரில், கிறிஸ்டியன் முல்லர் 1738இல் முடித்ததும் சிறுவன் மோட்சார்ட் 1766இல் வாசித்ததுமான பெரும் ஆர்கனில் 1959க்கும் 1961க்கும் இடையே நடந்த வேலை இன்றுவரை விவாதிக்கப்படுகிறது. அதற்கு எதிர்நிலையில் பாரிஸின் சேன் சுல்பீஸ் ஆலயம் நிற்கிறது. அங்கே 1781இல் கிளிக்கோ முடித்த ஆர்கனை 1862இல் கவாயே கோல் 100 ஸ்டாப்கள் (தனித்தனியே இயக்கக்கூடிய குழாய் வரிசைகள்) கொண்ட கருவியாக விரித்துக் கட்டினார். ஆனால் கிளிக்கோவின் குழாய்களில் பலவற்றைத் தூக்கி எறியாமல் தன் கருவிக்குள் வைத்துக்கொண்டார். இன்று அது கவாயே கோலின் தலைசிறந்த படைப்பு என்று போற்றப்படுகிறது. பிறர் குழாய்கள் கலந்ததால் அதன் பெருமை குறைந்ததாக யாரும் சொல்வதில்லை. பேராலய ஆர்கனைப் பற்றிய கேள்விக்கு இதையே என் முன்மாதிரியாகக் கொள்கிறேன்.

இனி நம் வானிலை. வெப்பம் ஏறினால் காற்றில் ஒலி விரைகிறது, குழாயின் சுருதியும் ஏறுகிறது. 31 டிகிரியில் இருக்கும் ஆலயத்தைக் குளிர்சாதனத்தால் 23க்கு இறக்கினால், சாதாரணக் குழாய்கள் ஏறத்தாழ அரைக்கால் கட்டை இறங்கிவிடும். ஆனால் பித்தளை நாக்கு வைத்த குழாய்கள் அவ்வளவாக அசையாது. விளைவு, ஒரே கருவிக்குள் இரண்டு சுருதி. இந்தத் தீவில் நான் விசை பிடித்த ஓர் ஆலயத்தில் வெள்ளிக்கிழமை இரவு வெக்கையில் சுருதி சேர்த்துவிட்டுப் போனோம். ஞாயிறு காலை எல்லாக் குளிர்சாதனங்களும் ஓடியபோது, எங்கள் உழைப்பு மொத்தமும் புளித்த பால் போலாகியிருந்தது. அதைவிடக் கொடுமை மரத்துக்கு. இங்கே காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டைத் தாண்டும். குளிர்சாதனம் அதை வெகுவாக இறக்கும். வாரத்தில் ஒரு நாள் காய்ந்து, ஆறு நாள் ஊறும் காற்றுப்பெட்டி, எத்தனை நேர்த்தியாகச் செய்திருந்தாலும் ஒரு நாள் விரிசல் விடும். பூஞ்சையும் கரையானும் வேறு. லண்டனில் நூறாண்டு தாங்கும் வேலை இங்கே அதில் பாதி தாங்கினாலே பாராட்ட வேண்டும்.

இங்கே மூங்கில் கதைக்கு வரலாம். மணிலாவுக்குத் தெற்கே லாஸ் பினாஸ் என்ற ஊரில் டியேகோ சேரா என்ற ஸ்பானியத் துறவி 1816இல் ஓர் ஆர்கன் செய்யத் தொடங்கினார். வெட்டிய மூங்கிலைக் கடற்கரை மணலில் மாதக்கணக்கில் புதைத்துவைத்துப் பூச்சி அரிக்காமல் பதப்படுத்தினார். 1824இல் முடிந்த அந்தக் கருவியில் 1,031 குழாய்கள். அவற்றில் 902 மூங்கில். நிலநடுக்கமும் புயலும் அதைச் சிதைத்தன. நெடுங்காலம் அது ஊமையாகக் கிடந்தது. 1973இல் அதைக் கழற்றிக் கப்பலேற்றி, விக்டோரியா மண்டபத்துக்குப் பிற்பாடு ஆர்கன் செய்த அதே கிளைஸ் நிறுவனத்திடம் அனுப்பினார்கள். பான் நகரில் அதற்காக வெப்பமண்டலக் காற்றைப் போலவே சூடும் ஈரமுமாக ஓர் அறையை அமைத்து, அதற்குள் வைத்து வேலை செய்தார்கள். ஐரோப்பிய வறட்சியில் மூங்கில் வெடித்துவிடும் என்ற அச்சமே காரணம். 1975இல் கருவி ஊர் திரும்பியது. அந்தத் துறவியின் பெயரைத் தாங்கிய நிறுவனம்தான் நம் பேராலய ஆர்கனில் வேலை செய்தது. ஈரத்தைப் பகையாகப் பார்க்காமல் கணக்கில் சேர்த்துக்கொண்டு பழகிய கைகள் என்பதால், அந்தத் தெரிவு எனக்கு மிகவும் பொருத்தமாகவே படுகிறது.

எந்தக் குழாய் எங்கிருந்து வந்தது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது என்றும் அன்பர் கேட்டிருந்தார். கீழே உட்கார்ந்து காதால் கேட்டுக் கண்டுபிடிக்க முடியாது. முடியும் என்று சொல்பவரை நம்ப வேண்டாம். கைவிளக்கோடு உள்ளே போக வேண்டும். குழாய் செய்பவர்கள் அடிப்பாகத்தில் சுரத்தின் எழுத்தையும் வரிசையின் பெயரையும் கூரிய ஆணியால் கீறி வைப்பது வழக்கம். ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு கையெழுத்து உண்டு. ஒரே குழாயில் இரண்டு எழுத்துகள் கீறப்பட்டு, ஒன்று அடிக்கப்பட்டிருந்தால், அது இடம் மாறியது என்று பொருள். தலையில் நிறம் வேறுபட்ட வளையம் ஒட்டியிருந்தால் சுருதி இறக்கப்பட்டிருக்கிறது. குழாயைத் தாங்கும் பலகையின் துளை குழாயைவிடப் பெரிதாக இருந்து, சுற்றிலும் தோல் சுற்றியிருந்தால், அங்கே முன்பு வேறு யாரோ குடியிருந்தார்கள். மெழுகால் அடைத்த பழைய திருகுத் துளைகள், வரிசைகளை இயக்கும் குமிழ்களில் செதுக்கிய எழுத்துகளின் வடிவ வேறுபாடு, துருத்தியின் உட்புறம் ஒட்டிய பழைய தாள் ஆகியவையும் சாட்சி சொல்லும். நான் விசை பிடித்த காலத்தில், சுருதி சேர்ப்பது அலுத்துப்போன நேரங்களில் இவற்றைத் தேடுவதே என் பொழுதுபோக்கு.

கடைசியாக, பிறகு வந்த குழாய்களை நீக்கி ஆர்கனை 1912ஆம் ஆண்டு நிலைக்கே கொண்டுபோவது நேர்மையான செயல் ஆகாதா என்ற கேள்வி. ஆகாது என்பது என் கருத்து. பெவிங்டன் ஆர்கன் எப்படி ஒலித்தது என்பதற்கு ஒலிப்பதிவு சாட்சி இல்லாதபோது, நீக்கியபின் கிடைப்பது 1912 ஆகாது. 1912 என்று நாம் கற்பனை செய்துகொண்ட ஒன்றாகவே இருக்கும். அதைவிட முக்கியமாக, செயின்ட் கிளேர் ஆர்கன் ஒலிப்பதற்கு இந்த மாடத்தை விட்டால் வேறு இடம் கிடையாது. ஆகவே ‘ஆகப் பழைய ஆர்கன்’ என்ற சொல்லை யாரும் மாற்ற வேண்டியதில்லை. ஆனால் மாடத்தின் அடியில் ஒரு பலகை வைக்கச் சொன்னால், ‘1912இல் லண்டன் பெவிங்டன் நிறுவனத்தார் செய்தது, விக்டோரியா நினைவு மண்டபத்தில் இருந்த செயின்ட் கிளேர் ஆர்கனின் குழாய்களும் இதற்குள் ஒலிக்கின்றன’ என்று இரண்டு வரியாக எழுதச் சொல்வேன்.